மேட்ச்சுக்கு நடுவுல ஹோட்டல் போனா சாப்பாடு வர்றதுக்குள்ள விசில் அடிச்சிடறாங்க, ஊட்டில டீமா போறவங்க எப்படி சமாளிக்கிறீங்க?

கூடலூர் லெஃப்ட்விங்:

எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் செகண்ட் இயர், ஃபுட்பால் டீம்ல ஆடறேன். ஊட்டில மேட்ச்னா எங்களுக்கு விடியக்காலைலயே வேன். 50 கிலோமீட்டர்தான், ஆனா நடுவட்டம் ஏறி பைக்காரா தாண்டறதுக்குள்ள பாதி பேருக்கு வயிறு கலக்கிடும், அதனால காலைல யாரும் ஒழுங்கா சாப்பிடறதில்ல, ஒரு டீ, ரெண்டு வர்க்கி, அவ்ளோதான். போன ஆயுத பூஜை லீவுல ஒரு நாக்அவுட். முதல் மேட்ச் 9 மணிக்கு, ஜெயிச்சுட்டோம். அடுத்தது 2 மணிக்கு. நிறைய டைம் இருக்குன்னு நினைச்சு 11.30க்கு சேரிங் கிராஸ் பக்கம் ஒரு ஹோட்டல்ல போய் உக்காந்தோம், 18 பேரு, கூட மேனேஜர் சார்.

தண்ணி டம்ளர் வைக்கவே ஒரு யுகம் ஆச்சு. ஆர்டர் எடுக்க வந்தவர் பாதி எழுதிட்டு வேற டேபிளுக்கு போயிட்டார். பரோட்டா சொன்னவனுக்கு 12.45க்கு வருது, ஃப்ரைட் ரைஸ் சொன்னவனுக்கு 1.10க்கு வருது, நான் சொன்ன மீல்ஸ் இலைல விழும்போது சார் வாசல்ல நின்னுக்கிட்டு எழுந்திரிங்கடா வார்ம்அப் டைம் ஆச்சுன்னு கத்தறார். நாலு வாய் அள்ளி போட்டுட்டு ஓடினோம். செகண்ட் ஹாஃப்ல எங்க டிஃபென்ஸ்ல ஆடறவன் லைனுக்கு வெளிய போய் வாந்தி எடுத்தான், எனக்கு விலா ரெண்டும் பிடிச்சுக்கிச்சு, 3-0. எங்களுக்கு பின்னாடி வந்த ரெண்டு கார் ஃபேமிலி எங்களுக்கு முன்னாடி சாப்பிட்டு ஐஸ்க்ரீமும் முடிச்சுட்டு கிளம்பிட்டாங்க, அதுதான் இன்னும் எரியுது.

அடுத்து இன்டர்காலேஜ் வருது, மறுபடி ஊட்டிதான். இது எங்களுக்கு மட்டும் நடக்குதா, இல்ல எல்லா டீமுக்கும் இதே கதையா? என்ன பண்றீங்க சொல்லுங்க.


கல்லாப்பெட்டி:

தம்பி கோவப்படாம கேளுங்க. எங்களுக்கு ஊட்டில சின்ன ஹோட்டல், அப்பா காலத்துல இருந்து, இப்ப கல்லால நான்தான் உக்காருறேன். நீங்க சொன்ன ஹோட்டல் எங்களுது இல்ல, ஆனா என்ன நடந்திருக்கும்னு அங்க இருந்து பாத்த மாதிரி சொல்ல முடியும்.

நீங்க போன நேரம் இருக்கே, அது எந்த ஹோட்டல்லயும் ரெண்டுங்கெட்டான் நேரம். டிஃபன் 11 மணியோட முடிஞ்சிடும். மீல்ஸ் 12, 12.15க்குதான் இறங்கும். நடுவுல கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்துலதான் காலைல இருந்து நின்ன மாஸ்டரும் சப்ளையரும் சாப்பிடுவாங்க, பாத்திரம் கழுவுவாங்க, பொரியலுக்கு தாளிப்பாங்க. அந்த நேரத்துல 19 பேரு உள்ள வந்தா இப்ப ஒண்ணும் இல்ல போயிட்டு வாங்கன்னு சொல்ல எந்த முதலாளிக்கும் மனசு வராது, உக்காருங்க தம்பி பத்து நிமிஷத்துல ரெடின்னுதான் சொல்லுவோம். அந்த பத்து நிமிஷம் பொய்தான், ஒத்துக்கறேன்.

அப்புறம் 18 பேரு எத்தனை விதமா சொன்னீங்க? தோசைக்கல்லு ஒண்ணுதான் இருக்கும், ஒரு நேரத்துக்கு நாலஞ்சு தோசை, பரோட்டாவும் பல இடத்துல அதே கல்லுல. ஃப்ரைட் ரைஸ் போடற கடாய்ல ஒரு தடவைக்கு ரெண்டு மூணு ப்ளேட்டுக்கு மேல கிளற முடியாது. உங்க ஆர்டர் ஒண்ணே ஒண்ணு போதும் கிச்சனை மடக்கிப்போட. ஃபேமிலி நாலு பேரு, மூணு மீல்ஸ் ஒரு தயிர் சாதம்னா அது இறக்கி வெச்ச சாப்பாடு, அள்ளி வைக்க வேண்டியதுதான், அதான் அவங்களுக்கு முன்னாடி போச்சு. நீங்க 18 பேரும் ஒரே மாதிரி இட்லி சொல்லியிருந்தா ரெண்டு ஈடுல முடிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு வெளியூர்க்காரங்களுக்கு புரியறதில்ல, நீங்க கூடலூரு, பாதி மலைதான், உங்களுக்கே தெரியாம இருக்கலாம். ஊட்டி 2240 மீட்டர். இங்க தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிடும், தளதளன்னு கொதிக்குது ஆனா அரிசி வெந்திருக்காது. குக்கர் இல்லன்னா பருப்பு, கொண்டைக்கடலை எல்லாம் லேசுல வேகாது. மேட்டுப்பாளையத்துல இருந்து புதுசா வர்ற மாஸ்டர்ங்க முதல்ல இதுலதான் திண்டாடுவாங்க. கூட்டத்துல சாதம் தீந்துடுச்சுன்னா அடுத்த உலை கீழ ஆகுற நேரத்துல இங்க ஆகாது.


800 மீட்டர் கோத்தகிரி:

அண்ணா நீங்க சொல்றது கிச்சன் கணக்கு, அது சரி. ஆனா முழுசா அது மட்டும் இல்ல. நான் அத்லெட்டிக்ஸ், ஸ்கூல் டைம்ல இருந்து ஊட்டி ஹெச்ஏடிபி கிரவுண்டுக்கு ஓட வந்துட்டு இருக்கேன். டிராக் சூட் போட்ட பத்து புள்ளைங்க உள்ள நுழைஞ்சாலே முகம் மாறும். நல்ல டேபிள் காலியா இருக்கும், நீங்க அங்க கைகழுவற இடத்துக்கிட்ட உக்காருங்கம்மான்னு அனுப்புவாங்க. பில்லு கம்மியாத்தான் வரும், டிப்ஸ் வராதுன்னு கணக்கு. நாங்க மூணு பேரு மூணு மீல்ஸ்னு சொல்லி, அதே இறக்கி வெச்ச சாப்பாட்டுக்கே அரை மணி நேரம் உக்காந்திருக்கோம், அதுக்கு எந்த கல்லு தடுத்துச்சு?

ஓடி முடிச்ச ஈர டீஷர்ட்டோட ஊட்டி குளிர்ல அப்படி உக்காந்து பாருங்க, அடுத்து ரிலே ஓடணும்னு எழுந்தா தொடை மடங்காது. பொண்ணுங்கன்னா பாத்ரூம் வேற, சாப்பிட்டு பில் கட்டினாத்தான் சாவி. இதெல்லாம் 2240 மீட்டர்னால வர்றது இல்லங்கண்ணா.

லெஃப்ட்விங் தம்பிக்கு: நான் இப்ப மேட்ச் நாள்ல நடுவுல ஹோட்டலுக்கே போறதில்ல. வீட்டுல இருந்து ஹாட்பாக்ஸ்ல சாதம், கொஞ்சம் அவரை குழம்பு, ரெண்டு அவிச்ச முட்டை. எல்லா நிகழ்ச்சியும் முடிஞ்சப்புறம் ஹோட்டல், அப்ப லேட் ஆனா கூட சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கலாம்.


கல்லாப்பெட்டி:

உக்கார வைக்கிற விஷயத்துல நீங்க சொல்றது உண்மைதான்மா, இல்லன்னு சொல்ல மாட்டேன். எங்க ஹோட்டல்லயும் சீசன்ல சப்ளையர் கார் நம்பர் பாத்துத்தான் டேபிள் காட்டுவார், டிஎன் 43ன்னா உள்ளூர், வெயிட் பண்ணுவாங்கன்னு ஒரு நினைப்பு. திட்டியிருக்கேன். ஆனா அவரும் காலைல 6 மணிக்கு வந்து நிக்கறவர், சீசன்ல ஆள் வேற கிடைக்காது, ஒருத்தரே எட்டு டேபிள் பாக்கறார்.


பிசியோ படிக்கிறேன்:

யாரு தப்புங்கறதை விடுங்க ப்ரோ, உங்க கேஸ்ல ஹோட்டல் 12 மணிக்கே கொடுத்திருந்தாலும் பரோட்டா சிக்கன் கிரேவி சாப்பிட்டு 2 மணிக்கு ஆடினா அதே வாந்திதான். எண்ணெயும் கொழுப்பும் இருக்கிறது வயித்தை விட்டு இறங்க நேரமாகும். முழு சாப்பாடுன்னா மேட்ச்சுக்கு மூணு மணி நேரம் முன்னாடி முடிச்சிருக்கணும், 2 மணி மேட்ச்சுக்கு 11 மணி. நீங்க கடைக்குள்ள நுழைஞ்சதே 11.30.

எங்களுக்கு சொல்லித் தர்றது இதுதான். அடுத்த ஆட்டம் எட்டு மணி நேரத்துக்குள்ள இருந்தா, முதல் ஆட்டம் முடிஞ்ச உடனே மாவுச்சத்து உள்ள போகணும், முதல் நாலு மணி நேரத்துக்கு, மணிக்கு உடம்பு எடைல கிலோவுக்கு 1 கிராம்ல இருந்து 1.2 கிராம் வரைக்கும். 60 கிலோ ஆளுன்னா மணிக்கு 60, 70 கிராம். நடுத்தர சைஸ் வாழைப்பழம் ஒண்ணுல 25 கிராம் கிட்ட இருக்கு, அப்ப ரெண்டு பழம், கூட ஒரு பன்னு, ஒரு மணி நேரத்து கணக்கு முடிஞ்சுது. அதுக்கு எதுக்கு ஹோட்டல், விசில் அடிச்ச பத்தாவது நிமிஷம் கிரவுண்டு ஓரத்துலயே சாப்பிடலாமே. அடுத்த ஆட்டம் மறுநாள்தான்னா இந்த அவசரமே வேணாம், அன்னிக்கு மொத்தமா எவ்ளோ சாப்பிட்டீங்கங்கறதுதான் முக்கியம், அப்ப கோத்தகிரி அக்கா சொல்ற மாதிரி எவ்ளோ நேரம் வேணா உக்காரலாம்.

தண்ணியையும் மறக்காதீங்க. குளிர்ல தாகம் தெரியாது, ஆனா மேல காத்து காஞ்சது, மூச்சும் வேகமா வாங்குறோம், அதுலயே தண்ணி போயிடும். கீழ இருந்து வர்ற டீமுங்க கடைல பாட்டில் வாங்கிக்கலாம்னு வந்துடறாங்க, நீலகிரில ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் தடை. ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் கொண்டு வந்து ரோட்டோரம் இருக்கிற வாட்டர் ஏடிஎம்ல பிடிச்சுக்கணும்.


கொடை குளிர்:

இங்க கொடைக்கானல்லயும் இதே பஞ்சாயத்துதான். 2025 சீசன்ல டூரிஸ்ட் வண்டி மேல வர்றதுக்கு ஹைகோர்ட் போட்ட அளவே வார நாள்ல தினம் 4000 வண்டி, சனி ஞாயிறுல 6000. உங்க நீலகிரிக்கு 6000, 8000. அளவு போட்டே இவ்ளோன்னா ஹோட்டல்ல எங்க இடம் கிடைக்கும், டோர்னமெண்ட்டை வேற கரெக்டா லீவு நாள்லதான் வைப்பாங்க. எங்க டீம்ல வழக்கம் என்னன்னா வத்தலக்குண்டு ரோட்டுல ஏறும்போதே மலைவாழைப்பழம் ஒரு தார் வேன்ல ஏத்திடுவோம். விருப்பாச்சி பழம் கிடைச்சா இன்னும் நல்லது, சின்னதா இருக்கும், இனிப்பு தூக்கலா இருக்கும், எளிதுல கன்னிப்போகாது. மத்தியானம் வரைக்கும் அதுதான் வண்டி ஓட்டும்.


விசில் வாத்தியார்:

நான் குன்னூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல பி.இ.டி. குறுவட்டம், மாவட்டம், முதலமைச்சர் கோப்பைன்னு வருஷம் பூரா பசங்களை கூட்டிக்கிட்டு அலையறவன்.

பழம் பன்னு எல்லாம் சரி, ஆனா 17, 18 வயசு பையனுக்கு மத்தியானம் சோறு இறங்கலைன்னா மனசு ஆறாது, அதை படிச்சவங்க கணக்குல சேர்க்க மாட்டேங்கறீங்க. நான் பண்றது இது. மேட்ச்சுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கிரவுண்டுக்கு நடக்கற தூரத்துல ஒரு சின்ன மெஸ் பாத்து வெச்சுக்குவேன். மெயின் ரோட்டு ஹோட்டல் வேணாம், அங்க டூரிஸ்ட் கூட்டம். மெஸ் நடத்தற அம்மாகிட்ட பாதி பணம் முன்னாடியே கொடுத்து, இத்தனை பேரு, இத்தனை மணிக்கு, சாம்பார் சாதம் ஒரு குண்டான், தயிர் சாதம் ஒரு குண்டான், ஆளுக்கு ஒரு முட்டை, ஊறுகாய். வேற எதுவும் கிடையாது. பசங்க முணுமுணுப்பாங்க, சார் பிரியாணின்னு கேப்பாங்க, ஜெயிச்சா சாயங்காலம் பிரியாணின்னு சொல்லிடுவேன். நாம உள்ள போகும்போது தட்டு போட்டு வெச்சிருப்பாங்க, கால் மணி நேரத்துல எழுந்துடலாம். சில நாள் குண்டானை கிரவுண்டுக்கே ஆட்டோல அனுப்பிடுவாங்க.

ஹோட்டல்தான் போகணும்னா மேனேஜர் ஒருத்தர்தான் ஆர்டர் சொல்லணும், பில் ஒண்ணுதான். ஆளாளுக்கு தனி பில் கேட்டு, ஜிபே பண்ணி, சில்லறை பாத்துன்னு கல்லாகிட்ட போற நேரமும் கொஞ்ச நஞ்சம் இல்ல. சாப்பாடு வர்றதுக்கு முன்னாடியே பணத்தை கட்டிடுங்க.

இதை உங்க சார்தான் செஞ்சிருக்கணும் தம்பி. பிளேயர் தலைல கட்டற வேலை இல்ல இது. மேட்ச் ஃபிக்ஸ்சர் வந்த அன்னிக்கே சாப்பாட்டு நேரமும் ஃபிக்ஸ்சர்தான்.


கூடலூர் லெஃப்ட்விங்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாழைத்தாரு ஐடியா சூப்பர், எங்க பக்கம் நேந்திரம்தான் மலிவு, அதையே ஏத்திக்கறோம். வாத்தியார் சார் சொன்ன மெஸ் விஷயம்தான் சிக்கல். எங்க சார் மேல முழு தப்பும் சொல்ல முடியாது, காலேஜ் ஆபீஸ்ல ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில்லு இல்லாம டிஏ, அதான் தினப்படி, செட்டில் பண்ண மாட்டாங்களாம், அதனாலதான் அவர் எப்பவும் பெரிய ஹோட்டலா பாத்து கூட்டிட்டு போறார். மெஸ் அம்மா வெள்ளை பேப்பர்ல எழுதிக் கொடுத்தா கிளார்க் தூக்கி எறிஞ்சிடுவார்.

கல்லாப்பெட்டி அண்ணா, உங்க ஹோட்டல் மாதிரி இடத்துல முன்னாடி நாள் போன்ல சொன்னா எடுப்பீங்களா, இல்ல சீசன்ல போனே எடுக்க மாட்டீங்களா?


கல்லாப்பெட்டி:

எடுப்போம், ஆனா எப்ப கூப்பிடறீங்கன்னு இருக்கு. மத்தியானம் 1 மணிக்கு போன் பண்ணி நாளைக்கு 19 பேருன்னா கல்லால இருக்கறவன் சரி சரின்னு வெச்சுட்டு மறந்துடுவான். சாயங்காலம் 4 மணிக்கு கூப்பிடுங்க, அப்பதான் மறுநாளைக்கு அரிசி எவ்ளோ, காய் எவ்ளோன்னு பேசுவோம். அட்வான்ஸ் ஒரு 500 அனுப்புங்க, பணம் வந்துட்டா மாஸ்டர்கிட்ட சொல்லாம இருக்க முடியாது. 10.45க்கு வர்றோம் இட்லி பொங்கல் மட்டும்னு சொன்னீங்கன்னா டிஃபன் மாஸ்டர் கிளம்பறதுக்குள்ள ரெண்டு ஈடு போட்டு வெச்சிடுவார், 12 மணி வரைக்கும் காத்திருக்கவே வேணாம். ஜிஎஸ்டி பில்லும் கிடைக்கும்.


விசில் வாத்தியார்:

9 மணி மேட்ச் முடிஞ்சு 10.45க்கு இட்லி பொங்கல், இது நல்ல யோசனை. பொங்கல்ல நெய்யை குறைக்கச் சொல்லுங்க, இல்லன்னா செகண்ட் ஹாஃப்ல கோல்போஸ்ட்ல சாஞ்சு தூங்கிடுவானுங்க. பில்லு விஷயம், எங்க ஸ்கூல்ல வவுச்சர் எழுதி மெஸ் அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிடுவோம், 5000 ரூபாய்க்கு மேல போனா ஒரு ரூபா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டணும், அவ்ளோதான், ஆடிட்ல ஒண்ணும் சொன்னதில்ல. உங்க காலேஜ்ல ஒத்துக்குவாங்களான்னு உங்க சாரை ஆபீஸ்ல நேரா கேக்கச் சொல்லுங்க, கிளார்க்கை விட்டுட்டு சூப்பிரண்டென்டை கேக்கச் சொல்லுங்க.


கூடலூர் லெஃப்ட்விங்:

சரி சார், நாளைக்கே சொல்லிடறேன். கடைசியா ஒண்ணு, எங்க கோல்கீப்பர் முட்டை கூட தொடமாட்டான், அவனுக்கு என்ன?


800 மீட்டர் கோத்தகிரி:

தயிர் ஒரு கப்பு, அவிச்ச கொண்டைக்கடலை கொஞ்சம். கடலையை வீட்டுலயே குக்கர்ல வேக வெச்சு எடுத்துட்டு வரச் சொல்லுங்க, அண்ணா ஹோட்டல்ல வேகறதுக்குள்ள ஃபைனல் முடிஞ்சிடும் 😄