நகராட்சித் தேர்தலில் குப்பையும் குடிநீரும் வாக்கை மாற்றுகின்றனவா?

கேள்வி:
தேங்கிய மழைநீரும் அள்ளாத குப்பையும் நாள்தோறும் கண்ணில் படுகின்றன. ஆயினும் நகராட்சித் தேர்தலில் பெரும்பாலோர் கட்சியைப் பார்த்தே வாக்களிப்பதாகத் தோன்றுகிறது. சுற்றுச்சூழல் நிலை ஒரு மேயரின் பதவியையே பறித்ததற்குச் சான்று உண்டா?

பதில் 1:
உண்டு. 1979 ஜனவரியில் சிகாகோ நகரில் இரண்டே நாளில் ஏறத்தாழ 20 அங்குலம் பனி கொட்டியது. மக்கள் பொறுக்காதது பனியை அன்று, அதைக் கையாண்ட விதத்தைத்தான். வண்டி நிறுத்துமிடங்கள் சுத்தமாகிவிட்டன என்ற மேயர் மைக்கேல் பிலாண்டிக்கின் அறிவிப்பை நம்பிப் போனவர்கள் அங்கே பனி அப்படியே குவிந்து கிடப்பதைக் கண்டார்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளின் நிலையங்களில் ரயில்கள் நிற்காமலே சென்றன. அடுத்த மாதம் ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலில் ஜேன் பர்ன் அவரை வென்று, பின்னர் மேயரும் ஆனார்.

பதில் 2:
பனி எல்லார் வாசலையும் ஒரே நாளில் அடைத்தது, தேர்தலும் உடனே வந்தது. அதனால் கோபம் ஆறவில்லை. மெல்லக் கெடும் காற்றுக்கோ நிலத்தடி நீருக்கோ அந்த வேகம் கிடையாது. மக்கள் பழகிப்போகிறார்கள், யாரைக் கேட்பது என்பதும் விளங்குவதில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளின்ட் நகரைப் பாருங்கள். மாநில அரசு அமர்த்திய நிர்வாகியின் கையில் அதிகாரம் இருந்தபோது, செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் பழைய நீர்வரத்தை விட்டு, குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படாததால் ஈயம் நீரில் கலந்தது. பழைய நீர்வரத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தியவர் மேயர் டெய்ன் வாலிங். அச்சம் வேண்டாம் என்று தொலைக்காட்சியில் குழாய்நீரைக் குடித்துக் காட்டியவரும் அவரே. 2015 நவம்பரில் கேரன் வீவரிடம் தோற்றார். முடிவெடுத்த நிர்வாகி எந்த வாக்குச்சீட்டிலும் இல்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருவது.

பதில் 3:
இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றியது என்றாலும் நகராட்சிக்கும் பொருந்தும் என்று கருதுகிறேன்: பேரிடருக்குப் பின் தரும் நிவாரணத்துக்கு வாக்கு விழுகிறது, முன்கூட்டிச் செய்யும் தடுப்புக்கு விழுவதில்லை. தடுப்புக்குச் செலவிடும் 1 டாலர் பிற்காலச் சேதத்தில் ஏறத்தாழ 15 டாலரை மிச்சப்படுத்தும் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். மழைக்கு முன்பே வடிகாலைத் தூர்வாரிய உறுப்பினரின் தெருவில் தண்ணீர் தேங்காது. தேங்காத தண்ணீரை வாக்களிக்கும்போது நினைப்பவர் யார்?

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் எங்கள் வட்டத்து வேட்பாளர்களிடம் நான் கேட்க வேண்டியது, வடிகால் கடைசியாக எந்த மாதம் தூர்வாரப்பட்டது, குடிநீர்ப் பரிசோதனை அறிக்கை எங்கே என்பவைதான்.