பேஜ்மேக்கர் கோப்பிலிருந்து மின்னூல்: எழுத்துகள் இடம் மாறுகின்றன

2002இல் மதுரையில் அச்சான என் தந்தையின் சிறுகதைத் தொகுப்பை இபப் வடிவ மின்னூலாக்க முயன்று, இரண்டு மாதமாக ஓரிடத்திலேயே நிற்கிறேன். அச்சகம் மூடப்பட்டுவிட்டது, எஞ்சியிருப்பது டாம் (TAM, யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியேற்றம்) எழுத்துருவில் தட்டச்சிட்ட 214 பக்க பேஜ்மேக்கர் 6.5 (பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்பும், ஓரம் அரித்த ஒரே அச்சுப்படியும்தான்.

பேஜ்மேக்கருக்குப் பின் வந்த இன்டிசைன் மென்பொருளின் புதிய பதிப்பு அக்கோப்பைத் திறக்க மறுத்ததால், நண்பரின் பழைய கணினியிலிருந்த சிஎஸ்6 பதிப்பில் திறந்து உரையை எடுத்து, இரண்டு இணைய மாற்றிகளில் யூனிகோடுக்கு மாற்றினேன். பெரும்பகுதி சரியாகவே வந்தது. ஆனால் வரி உடைந்த இடங்களில் மெய்க்கு முன்னால் தட்டச்சிட்ட ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தனியே தொங்குகின்றன. 'கௌரி' எல்லா இடத்திலும் 'கெளரி' ஆகிவிட்டாள் (கதையின் நாயகியே அவள்தான்). 'கெள' என்பதை மொத்தமாக 'கௌ' என மாற்றினால் 'கெளுத்தி' கெடுகிறது. அச்சுப்படியை வருடி டெசராக்ட் என்னும் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) வழியே உரையாக்கியபோதோ, துணைக்காலும் 'ர'வும் ஒன்றோடொன்று குழம்பின.

டாம் உரையில் வரிமுறிவுகளை முதலில் நீக்கி, கொம்புகளை உரிய மெய்யோடு சேர்த்து, ஔகாரத்தையும் 'ள'வையும் பிரித்தறிந்து மாற்றும் நிரல் எதையாவது நீங்கள் பயன்படுத்தியிருக்கிறீர்களா?