மே 24, பாஞ்சாலங்குறிச்சி

*குழு: நம்ம வீடு*

பெரியப்பா: வரும் ஞாயிறு மே 24. 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்த நாள். வெயில் ஏறுவதற்குள் போய் ஒரு மாலை போட்டுவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். யார் யார் வருகிறீர்கள்?

செல்வம் மாமா: நானும்தான் அத்தான். இன்று காலையில்கூட ஒன்று வந்தது பாருங்கள். “மே 24, மாவீரன் கட்டபொம்மன் கோட்டை வாசலில் வீரமரணம் அடைந்த நாள். தமிழனாக இருந்தால் பகிரவும்.”

பெரியப்பா: மாப்பிள்ளை, கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது கயத்தாற்றில், 1799 அக்டோபர் 16. இது அதற்கு அப்புறம் அவர் தம்பி ஊமைத்துரை நடத்திய சண்டை.

மீனா: ஆனால் கோட்டையை 1799-லேயே இடித்துவிட்டார்களே பெரியப்பா?

பெரியப்பா: இடித்தார்கள். ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். 1801 பிப்ரவரி 2 ராத்திரி, துரைமார் விருந்தில் இருந்த நேரம் பார்த்து ஆட்கள் வந்து மீட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மேஜர் மெக்காலே படையோடு பின்னாலேயே வந்து பார்த்தால், தரைமட்டமாக்கிய இடத்தில் சுவர் எழும்பி நிற்கிறது. நடுவில் ஒரு வாரம்தான்.

கார்த்தி: ஒரு வாரமா! நம் தெரு வாய்க்கால் பாலம் இரண்டு வருஷமாகக் கம்பியோடு நிற்கிறது.

பெரியம்மா: கார்த்தி, நீ வண்டி ஓட்டுவாயா மாட்டாயா, அதை முதலில் சொல்.

கார்த்தி: ஓட்டுகிறேன் பெரியம்மா.

மீனா: மண்கோட்டைதானே? பீரங்கிக்கு எப்படித் தாங்கியது?

பெரியப்பா: நீளம் 500 அடி, அகலம் 300 அடி, சுவர் 12 அடி உயரம். அவ்வளவுதான் கோட்டை. முழுக்க மண். அன்று எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பிறகு எல்லாவற்றையும் எழுதி வைத்தார். மார்ச் 31-ல் சுவரில் ஏறிப் பார்த்தார்கள், ஏறியவன் எல்லாம் விழுந்தான், படை பின்வாங்கியது. ஏன் என்று கோட்டை விழுந்த பிறகுதான் அவர்களுக்கே புரிந்தது. கொத்தளத்தின், அதாவது சுவரிலிருந்து துருத்தி நிற்கும் காவல் மேடையின், உட்புறம் குழிவாக இருந்திருக்கிறது. நம் ஆட்கள் அதற்குள் பதுங்கி நின்று, 18, 20 அடி நீள ஈட்டியால் கீழே இருந்தே மேலே குத்தியிருக்கிறார்கள். வெளியே இருந்தவனுக்கு ஆள் தெரியவில்லை, ஈட்டி முனை மட்டும்தான்.

செல்வம் மாமா: அடேயப்பா.

மீனா: ஊமைத்துரை பேசமாட்டார் என்றால் உத்தரவு எப்படிக் கொடுப்பார்?

பெரியப்பா: அதையும் வெல்ஷ் எழுதியிருக்கிறார். நாலைந்து வைக்கோல் துண்டை எடுத்து இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அது வெள்ளைக்காரப் படை. வலது கையால் ஒரே வீச்சாக வழித்துத் தள்ளி, வாயால் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். தாக்கு என்று அர்த்தம்.

கார்த்தி: 🔥

பினாங்கு சித்தி: அத்தான், மே 24-ல் அவர் தப்பிவிட்டார் இல்லையா? அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அம்மை போட்டிருக்கிறது என்று ஏமாற்றிய கதை.

பெரியப்பா: அதேதான். கர்னல் ஆக்னியூ புதுப் படை, பெரிய பீரங்கி எல்லாம் கொண்டுவந்து சுவரை உடைத்தார். வெட்டவெளியில் பிணமாகக் கிடக்கிறது. பக்கத்து ஊர்ப் பெண்கள் தேடி வருகிறார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடிக்கிறாள், உயிர் இருக்கிறது. தூக்கப் போனால், “என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று” என்கிறான். சாமி என்றால் ஊமைத்துரை. தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வெள்ளைக்காரர் பக்கம் நின்ற எட்டையபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது துணியைப் போட்டு மூடி ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஓட்டம் பிடித்தார்கள்.

பெரியம்மா: பெற்ற மகனை அங்கேயே விட்டுவிட்டா?

பெரியப்பா: ஆமாம். அவன் பெயர் என்ன, அவள் பெயர் என்ன, எதுவும் வெல்ஷ் எழுதியதில் இல்லை.

பினாங்கு சித்தி: பிடிபட்டவர்களை இங்கே பினாங்குக்குக்கூட நாடு கடத்திக் கொண்டுவந்தார்களே.

பெரியப்பா: 1802 பிப்ரவரியில், தூத்துக்குடியிலிருந்து 70 பேருக்கும் மேல். அதற்குள், ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்த சிவகங்கை மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டாகிவிட்டது. 1801 நவம்பர் 16-ல் ஊமைத்துரையை இதே பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். கப்பலில் போனவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன், 15 வயதுப் பையன். 1818-ல் வெல்ஷ் பினாங்குக்கு வந்தபோது அவரைப் பார்த்தார், அடையாளமே தெரியவில்லையாம். அப்படித் தளர்ந்து போயிருந்தார்.

பினாங்கு சித்தி: 16 வருஷத்திலா… பாவம்.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரர் கல்லறைக்கும் போகிறோம், சொல்லிவிட்டேன்.

செல்வம் மாமா: அது எதற்கு அத்தான்? நம்மை அழிக்க வந்தவனுக்கு மரியாதையா?

பெரியப்பா: மரியாதைக்கு இல்லை மாப்பிள்ளை. போய் நின்று பாருங்கள். செத்த அதிகாரிக்குப் பெயர், பதவி, நாள் எல்லாம் கல்லில் இருக்கிறது. கோட்டைக்குள் செத்தவனுக்கு ஒரு செங்கல் உண்டா? 1974-ல் கட்டிய நினைவுக் கோட்டையில் கட்டபொம்மன் இருக்கிறார், சரி. ஈட்டி பிடித்தவன் எங்கே?

செல்வம் மாமா: கட்டபொம்மன் தளபதி சுந்தரலிங்கத்துக்குக் கவர்னகிரியில் மணிமண்டபம் இருக்கிறதே. வல்லநாட்டில் வெள்ளையத்தேவனுக்கும் இருக்கிறது.

பெரியப்பா: இருக்கிறது. இரண்டு பேரும் 1799 சண்டைக்காரர்கள். அங்கேயும் அவரவர் சாதிக்காரர்தான் மாலையோடு போகிறார்கள். நாம் இதுவரை ஒன்றுக்காவது போயிருக்கிறோமா?

பெரியம்மா: ஏங்க, குழுவில் இந்தப் பேச்சு வேண்டாம்.

மீனா: பெரியம்மா, அவர் சொல்வது சரிதானே? கவர்னகிரி வழியாகவே போகலாம். அப்புறம் மாலையைச் சிலைக்கு மட்டும் போடாமல், உதிரிப்பூவும் வாங்கிக்கொள்வோம். பழைய கோட்டை அடித்தளம் தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது, அதன் ஓரத்தில் தூவலாம்.

பெரியப்பா: நல்ல யோசனை. வீரசக்கதேவி கோயிலும் அங்கேயே இருக்கிறது.

பெரியம்மா: அரளியும் சம்பங்கியும் சொல்லி வைக்கிறேன். இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொள்கிறேன், வழியில் யாரும் கடையில் நிறுத்தச் சொல்லக்கூடாது.

கார்த்தி: காலை 6 மணிக்குக் கிளம்புகிறோம். வண்டியில் ஐந்து பேர்தான். மாமா, நீங்கள் பைக்.

செல்வம் மாமா: மே மாத வெயிலில் என்னைப் பைக்கில் அனுப்பிவிட்டு, நீ ஏசியில் உட்கார்ந்து வீரத்தைப் பற்றிப் பேசுவாயாக்கும்!