மாங்காய் விலை படுத்துவிட்டது, இதில் மனநிறைவு எங்கிருந்து வரும்?

பர்கூர்க்காரன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கிருஷ்ணகிரி மாவட்டம், பர்கூர் பக்கம். பெங்களூரா மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறேன். இந்த சீசனில் கூழ் ஆலைக்குக் கேட்ட விலை, பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்குமே காணவில்லை, பாதிக் காயை மரத்திலேயே விட்டுவிட்டோம். குத்தகைக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. சபையில் சொன்னால் "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பைபிளில் பவுல் எழுதிய பிலிப்பியர் 4:13 வசனத்தைச் சொல்கிறார்கள், "விசுவாசம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். நடுராத்திரியில் எழுந்து ஜெபிக்க உட்கார்ந்தால் வட்டிக் கணக்குதான் மனதில் ஓடுகிறது. கஷ்டத்திலும் நிறைவாக இருக்கலாம் என்கிறார்களே, உண்மையில் யாருக்காவது அப்படி இருந்திருக்கிறதா? பிரசங்கம் வேண்டாம், நேராகச் சொல்லுங்கள்.

ஜெபவீரன்:
கவலைப்படாதீங்க பிரதர், எல்லாம் இழந்த யோபுவுக்குக் கொடுத்தது போல கர்த்தர் இரட்டிப்பாய்த் தருவார். ஆமென்.

தகடூரான்:
ஜெபவீரன் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த இரட்டிப்பு வருவது யோபு புத்தகத்தின் கடைசியில், 42ஆம் அதிகாரத்தில். அதற்கு முன்னால் யோபு தன் பிறந்த நாளையே சபித்து, கடவுளிடம் நேருக்கு நேர் வழக்காடுகிறார். நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரி, பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கடவுள் கோபப்படுவதும் அவர்கள் மேல்தான், யோபு மேல் இல்லை.

பர்கூர் தம்பி, நான் தர்மபுரி, கத்தோலிக்கன், ஆனால் இதில் சபை வித்தியாசம் ஒன்றும் கிடையாது. 4:13ஐ மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் ஜெயித்துவிடலாம் என்கிற மாதிரி இருக்கும். 11ஆம் வசனத்திலிருந்து 18 வரை படித்துப் பாருங்கள். பவுல் சிறையில் இருக்கிறார், பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் உதவி அனுப்பியிருக்கிறார்கள், அது வந்து சேர்ந்தது என்று எழுதுகிற கடிதம் அது. குறைவுபடவும் தெரியும், பட்டினி கிடக்கவும் தெரியும் என்றுதான் சொல்கிறார், பட்டினியே வராது என்று எங்கும் சொல்லவில்லை. 13க்கு அடுத்த வசனத்திலேயே, என் கஷ்டத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்லது என்கிறார். நிறைவாக இருக்கிறேன் என்ற மனுஷன்தான் உதவியையும் வெட்கப்படாமல் வாங்கிக்கொண்டார். நம் ஆட்கள் 13ஐச் சொல்லிவிட்டு 14ஐச் செய்யாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், எனக்கு எரிச்சலே அதுதான்.

விவசாயி என்பதால் ஆபகூக் தீர்க்கதரிசி புத்தகத்தில் 3:17, 18ம் படியுங்கள். அத்திமரம் துளிர்க்கவில்லை, வயல் விளையவில்லை, தொழுவத்தில் மாடு இல்லை என்று ஒவ்வொரு நஷ்டத்தையும் பேர் சொல்லி எண்ணிவிட்டு, அப்புறம்தான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். வட்டிக் கணக்கு ஓடினால் ஓடட்டும், அதையே ஜெபமாகச் சொல்லுங்கள்.

ஓசூர் சிஸ்டர்:
இருந்திருக்கிறதா என்று கேட்டதால் சொல்கிறேன். கம்பெனியில் ஆள் குறைத்தபோது வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது, வாடகை, பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் என் ஒரு சம்பளத்தில். பெரிய ஜெபமெல்லாம் வரவில்லை. ஷிஃப்ட் பஸ்ஸில் 121ஆம் சங்கீதம் மட்டும், எட்டே வசனம், மனதுக்குள் சொல்லிக்கொண்டு போவேன். நிம்மதி வரும், சாயங்காலம் போய்விடும், மறுநாள் திரும்பச் சொல்வேன். ஒருதடவை வந்து அப்படியே தங்கிவிடும் என்று நினைக்காதீங்க அண்ணா. எலியா தீர்க்கதரிசி சாகணும் என்று சூரைச்செடிக்குக் கீழே படுத்துவிட்டபோது தூதன் உபதேசமா பண்ணினான்? அடையும் தண்ணீரும் கொடுத்தான், அவர் சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கினார். நீங்களும் முதலில் சாப்பிட்டுத் தூங்குங்க. தூக்கமே வராமல் மனசு ரொம்பக் கனத்தால் 14416க்கு போன் பண்ணுங்க, அரசாங்க மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். அதுவும் விசுவாசக் குறைவு ஆகாது.

மலையோரம்:
கடன் யாரிடம்? மீட்டர் வட்டி, கந்துவட்டி என்றால் அதைத் தடுக்க 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். பேங்க் என்றால் தவணையை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள், சும்மா இருந்துவிடாதீர்கள்.

பர்கூர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பாதி பேங்க், பாதி தெரிந்தவரிடம், வட்டி நியாயமானதுதான். 14ஆம் வசனத்தை இதுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை. ஆனால் சபையில் எழுந்து கடன் தொகையைச் சொல்ல முடியாது அண்ணா, ஊர் சின்னது.

தகடூரான்:
சபை முழுக்க எதற்குத் தம்பி? வெளியே சொல்லாமல் ரகசியம் காக்கக்கூடிய ஒரே ஒரு பெரியவரைப் பாருங்கள், தோப்பு வைத்திருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது, அடுத்த குத்தகைக்கு என்ன விலை பேசலாம் என்றும் அவருக்குத் தெரியும்.