வெட் ஆன் வெட்டில் மை ஒட்டுதா? ரெட்யூசர் டப்பாவை முதல்ல கீழ வைங்க

பழையகை:
"வெட் ஆன் வெட்டில் மை பிசுபிசுன்னு ஒட்டினா 10 சதவீதம் ரெட்யூசர் ஊத்துங்க, தீர்ந்தது"ன்னு நேத்து நீலமை எழுதியிருந்தார். துணி ஸ்கிரீன் பிரிண்டிங்ல ஒரு கலர் ஈரமா இருக்கறப்பவே அது மேல அடுத்த கலரைப் போடறதுதான் வெட் ஆன் வெட்; ரெட்யூசர்னா மையை இளக்கற திரவம். படிச்சதுமே பத்திக்கிட்டு வந்துது. வேலை தொடங்கறப்போ அதே பிளாஸ்டிசால் (சூட்டுல இறுகற பிவிசி மை), அதே ஸ்கிரீன், அதே ஸ்குவீஜி (மையைத் தள்ளற ரப்பர் பட்டை), பிரிண்ட் சுத்தமா விழுது. கொஞ்ச நேரம் ஓடினதும் மூணாவது ஸ்கிரீனைத் தூக்கறப்போ துணியும் கூடவே எழும்புது. சர்ருன்னு பிரியற சத்தம். ஸ்கிரீனைத் திருப்பிப் பார்த்தா அடியில முந்தின கலர் மேடு கட்டி நிக்குது, அடுத்த துணியில ஓரம் கசங்கி விழுது. இதுக்கு நடுவுல மாறினது மையா? போர்டு சூடு! துணியை விரிச்சு வெக்கற பலகையைச் சொல்றேன். போர்டைத் தொட்டுப் பாருங்கய்யா முதல்ல.

நீலமை:
பேரைச் சொல்லியே ஆரம்பிச்சிருக்கீங்க, ரொம்ப நன்றி. சூடானா பிளாஸ்டிசால் இளகும். மை கலக்கற சின்னப் பையனுக்கும் தெரியும். இளகின மை எப்படி ஒட்டும்? நான் ஊத்தச் சொன்னது கண்ட எண்ணெயை இல்ல, மையோட சேர்ந்து கியூர் ஆகற, அதாவது சூட்டுல வெந்து இறுகற, ரெட்யூசரை.

பழையகை:
தம்பி, இளகறது ஆரம்பத்துல. சூடு மேல மேல ஏறினா பிவிசி துகள் பிளாஸ்டிசைசரை உறிஞ்சி ஊதும், மை இறுகி இழுவை பிடிக்கும். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே ஜெல் ஆகத் தொடங்கிரும். முழுசா கியூர் ஆகறதுக்குத்தான் 160 பக்கம் வேணும். ஃபிளாஷுக்கு (கலருக்கு அடியில போடற வெள்ளையை அரைவேக்காடா வேக வைக்கற ஹீட்டருக்கு) அடியில திரும்பத் திரும்ப போய் நிக்கற போர்டு சூட்டைத் தேக்கி வெச்சுக்கிட்டே வருது. அது மேல ஈர மையைப் போட்டா அடியிலிருந்து பாதி வெந்துரும். அடுத்த ஸ்கிரீன் அதைப் பிச்சுக்கிட்டு வராம என்ன செய்யும்?

மெஷ்230:
ரெண்டு பேரும் மெஷ்ஷை, ஸ்கிரீன்ல இருக்கற வலைத்துணியை, மறந்துட்டீங்க. அங்குலத்துக்கு 110 நூல் மெஷ்ல மையைக் கொட்டிட்டு வெட் ஆன் வெட் வரலைன்னா எப்படி வரும்? 230க்குப் போங்க, படலம் மெலிசாகும், அடுத்த ஸ்கிரீன் அள்ளிக்கிட்டு வர மையே இருக்காது. சின்னச் சின்ன இடத்துல விழற கலரை முதல்ல போடுங்க, பெரிய இடத்தைக் கடைசிக்கு வைங்க. அழுத்தத்தைக் குறைங்க. மை துணி மேல உக்காரணும், துணிக்குள்ள இறங்கக் கூடாது.

பழையகை:
மெஷ், கலர் வரிசை எல்லாம் சரி. அதெல்லாம் வேலை தொடங்கறப்பவும் அப்படியேதானே இருந்துது? அப்போ ஒட்டலையே! போர்டைத் தொட்டீங்களா?

புதுஸ்கிரீன்:
ஒரு சந்தேகம். மை கெட்டியா இருக்கறதும் பிசுக்கா இருக்கறதும் வேற வேற இல்லையா? நல்லா கிளறினா கெட்டி குறையுது, ஆனா இழுவை போகலை. நாம எதைப் பத்திப் பேசறோம்?

நீலமை:
முதல்ல "தம்பி"ன்னு கூப்பிடறதை நிறுத்துங்க. என் வயசு உங்களுக்குத் தெரியாது. போன தடவை வெள்ளை மை விவகாரத்துலயும் இப்படித்தான் குதிச்சீங்க. கடைசியில பதில் சொல்லாம கிளம்பிட்டீங்க.

பழையகை:
யார் கிளம்பினது? வெள்ளையை ஃபிளாஷ்ல முழுசா வேக வெச்சா மேல விழற கலர் பிடிக்காது, விரல்ல ஒட்டாத பதம் போதும்னு அன்னைக்கே சொன்னேன். இன்னைக்கும் சொல்றேன். நீங்கதான் "இன்னும் கொஞ்சம் வேகட்டும்"னீங்க. அந்த அதிகப்படி சூடு எங்க போய்ச் சேருது? போர்டுக்குத்தான்.

கைடேபிள்:
நான் கையால ஓட்டறவன். ஃபிளாஷ் பக்கமே போகாத 3 கலர் வேலை, வெளிர் துணி. அங்கயும் அடியில மை கட்டுது. என் போர்டு பச்சைத்தண்ணி மாதிரி குளுகுளுன்னு இருக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க பழையகை?

பழையகை:
ஆஃப் காண்டாக்ட், அதாவது ஸ்கிரீனுக்கும் துணிக்கும் நடுவுல இடைவெளி, எவ்வளவு வெச்சிருக்கீங்க? ஸ்கிரீன் டென்ஷன்? தளர்ந்த மெஷ் ஸ்குவீஜி தாண்டினதும் பட்டுனு எழும்பாது, மை மேலயே படுத்துக்கும். ஸ்குவீஜியை எவ்வளவு அமுக்கறீங்க?

கைடேபிள்:
கேட்டதுக்குப் பதில் வரலை. போர்டு சூடே இல்லாம ஏன் ஒட்டுது?

நீலமை:
பதில் வராது கைடேபிள். இழுவை அதிகமான மை டப்பாவிலேயே அப்படித்தான் வருது. ரெட்யூசர் ஊத்துங்க, நிக்கும். 10 சதவீதம்.

மெஷ்230:
10 வேண்டாங்க. ஒவ்வொரு மைக்கும் எவ்வளவு வரைக்கும் தாங்கும்னு அதைத் தயாரிக்கறவங்க தர்ற ஷீட்ல போட்டிருக்கு. அதைத் தாண்டினா மறைப்புப் போயிரும், ஓரம் கசியும்.

நீலமை:
ஷீட் படிச்சுப் பிரிண்ட் போடறவங்க போடட்டும். நான் மெஷின்ல நின்னு சொல்றேன். 10.

பழையகை:
மெஷின்ல நாங்களும்தான் நிக்கறோம். நீலமை, சவால் விடறேன். தொடாமலே சூட்டை அளக்கற இன்ஃப்ராரெட் கன் எடுங்க. ஃபிளாஷ் தாண்டி அடுத்த கலருக்கு வர்ற போர்டோட நடுவுல பிடிங்க. ரீடிங்கை இங்க போடுங்க. 60 டிகிரிக்குக் கீழ இருந்தா பேசலாம். ஃபிளாஷுக்கு அடுத்த ஸ்டேஷனை ஆற விட்டிருக்கீங்களான்னும் சொல்லுங்க.

நீலமை:
நீங்க முதல்ல கைடேபிளுக்குப் பதில் சொல்லுங்க. அப்புறம் கன் எடுக்கறேன்.

பழையகை:
ரீடிங் எங்க தம்பி?