வீட்டில் போட்ட பீரில் கேஸும் இல்லை, நுரையும் நிற்கவில்லை

பேஸ்மென்ட் பார்லி:
டொராண்டோவில் இருக்கிறேன். ஐந்தாவது முறையாக வீட்டில் பீர் போட்டேன், 19 லிட்டர் பேல் ஏல் என்ற வெளிர் நிற பீர் வகை. பாட்டிலில் அடைக்கும்போது 110 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கலந்தேன். பத்து நாள் பேஸ்மென்ட்டில் இருந்தது; அங்கே இப்போது 13 டிகிரி. நேற்றுத் திறந்தால் 'உஸ்' என்ற சத்தமே லேசாகத்தான் வந்தது. நுரை அரை நிமிடத்தில் காணோம். மனசே விட்டுப்போச்சு. இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடலாமா?

நுரைப்பிரியன்:
வேண்டாம் தம்பி, போடவே போடாதீர்கள். 110 கிராம் சரியான அளவு. மேலே போட்டால் பாட்டில் வெடிக்கும். சர்க்கரையைத் தின்று கேஸ் உண்டாக்குவது ஏல் ஈஸ்ட்; குளிரில் அது தூங்கிவிடும், அவ்வளவுதான். பாட்டில்களை ஒருமுறை மெதுவாகக் கவிழ்த்து, அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கலக்கிவிட்டு, 20-22 டிகிரி உள்ள அறையில் இரண்டு வாரம் வையுங்கள். அப்புறம் இரண்டு நாள் ஃப்ரிட்ஜ். குளிர்ந்தால்தான் கேஸ் நன்றாகக் கரையும்.

கோதுமைக்காரி:
நுரை வேறு கதை. மால்ட்டின், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தின், புரதமும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் சேர்ந்து கட்டுவது அது. கிளாஸில் சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் உடைந்துவிடும். வாஷிங் சோடாவில் கழுவி, வெந்நீரில் நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவையுங்கள். மிக்சர் தின்ற உதட்டோடு குடித்தாலும் நுரை போகும். அடுத்த முறை 10 சதவீதம் கோதுமை மால்ட் சேருங்கள்.

பேஸ்மென்ட் பார்லி:
16 நாள் ஆகிறது. சமையலறை அலமாரியில் வைத்திருந்தேன். இன்று ஊற்றினேன், இரண்டு விரல் நுரை! கிளாஸ் காலியாகும்வரை ஓரத்தில் வளையம் வளையமாக ஒட்டியிருந்தது. இரண்டு பேருக்கும் நன்றி.