ஒரு கிளைக்கு டிராஃபிக் ஷேப்பிங் அமைத்ததும் மற்றொரு கிளை தவழ்வது ஏன்?

கேள்வி:

வணக்கம். பழைய சிஸ்கோ ரூட்டர்கள் நான்கைக் கொண்டு ஃப்ரேம் ரிலே (கிளைகளைச் சுவிட்ச் வழியே இணைக்கும் பழைய தொலைதூர வலையமைப்பு முறை) பயிற்சிக்கூடம் ஒன்றை அமைத்திருக்கிறேன். ஒன்று சுவிட்சாக நிற்கிறது; மற்ற மூன்றும் தலைமையகமும் இரு கிளைகளும். தலைமையகத்தின் சீரியல் இணைப்பு 2000 கிலோபிட், முதல் கிளை 64 கிலோபிட், இரண்டாம் கிளை 500 கிலோபிட். தலைமையகம் முழு வேகத்தில் அனுப்பும்போது முதல் கிளைக்கான ஃப்ரேம்கள் (தரவுப் பொட்டலங்கள்) சுவிட்சிலேயே தேங்கி உதிர்ந்தன. அதனால் அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 'ஃப்ரேம்-ரிலே டிராஃபிக்-ஷேப்பிங்' கட்டளையைத் தலைமை இன்டர்ஃபேஸில் இட்டு, சி.ஐ.ஆர். (விநாடிக்கு இத்தனை பிட் என்னும் வேக அளவு) 64000, பி.சி. (ஒரு தவணையில் அனுப்பும் பிட்டுகள்) 8000 என்று ஒரு மேப்-கிளாஸ் (அமைப்புத் தொகுப்பு) எழுதி முதல் கிளையின் டி.எல்.சி.ஐ.யில் (இணைப்பின் அடையாள எண்) இணைத்தேன். உதிர்வு நின்றுவிட்டது. ஆனால் இரண்டாம் கிளைக்கு ஒன்றரை நிமிடத்தில் போய்ச் சேர்ந்த 5 மெகாபைட் கோப்புக்கு இப்போது 13 நிமிடம் ஆகிறது. அந்தக் கிளையின் அமைப்பில் நான் கையே வைக்கவில்லை. தவிர, முதல் கிளையில் தொலைபேசிக் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. எங்கே தவறினேன்?

மறுமொழி 1:

நீங்கள் தந்த கணக்கிலேயே விடை இருக்கிறது. 5 மெகாபைட் என்பது ஏறத்தாழ 4 கோடியே 20 லட்சம் பிட்டுகள். அதை 56000 ஆல் வகுத்தால் 750 விநாடி, அதாவது பன்னிரண்டரை நிமிடம். தலைமை இன்டர்ஃபேஸில் ஷேப்பிங்கை இயக்கிய கணத்தில் அதன் கீழுள்ள எல்லா பி.வி.சி.களும் (ஒவ்வொரு கிளைக்குமான நிலையான மெய்நிகர் இணைப்புகள்) அதற்குள் வந்துவிடும். மேப்-கிளாஸ் எதுவும் இணைக்கப்படாத பி.வி.சி.க்கு ரூட்டர் தானாகவே 56000 சி.ஐ.ஆர்., 7000 பி.சி., பூஜ்யம் பி.இ. (பி.சி.க்கு மேல் அனுப்பக்கூடிய கூடுதல் பிட்டுகள்) என்று வைத்துக்கொள்ளும். கை வைக்காததுதான் காரணம். 'ஷோ டிராஃபிக்-ஷேப்' கட்டளையைக் கொடுத்தால் இந்த எண்களையே காண்பீர்கள். இரண்டாம் கிளைக்கும் ஒரு கிளாஸ் எழுதி, உத்தரவாத வேகமாக எதை வைத்திருக்கிறீர்களோ அதைச் சி.ஐ.ஆர். ஆகக் கொடுங்கள்.

மறுமொழி 2:

குரல் சிக்கலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பி.சி.யைச் சி.ஐ.ஆரால் வகுத்தால் கிடைப்பது டி.சி. என்னும் கால இடைவெளி. உங்கள் அமைப்பில் அது 125 மில்லிவிநாடி. ஷேப்பிங் என்றதும் ரூட்டர் 64 கிலோபிட் வேகத்தில் நிதானமாக அனுப்புவதாகப் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் சீரியல் கம்பி எப்போதும் 2000 கிலோபிட் வேகத்தில்தான் ஓடுகிறது. 8000 பிட்டுகளையும் ரூட்டர் 4 மில்லிவிநாடியில் தள்ளிவிட்டு, மீதி 121 மில்லிவிநாடி வாய்மூடி இருக்கிறது. அந்த மௌனம் தொடங்கிய கையோடு வந்து சேரும் குரல் பாக்கெட், அடுத்த இடைவெளி பிறக்கும்வரை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் அடங்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் ஜி.114 பரிந்துரை சொல்வதை நினைத்துப் பார்த்தால், அதில் பெரும்பகுதியை இங்கேயே செலவழித்துவிடுகிறீர்கள்.

ஆகவே குரல் செல்லும் பி.வி.சி.யில் டி.சி.யை 10 மில்லிவிநாடியாக்குங்கள், அதற்குப் பி.சி. 640 போதும், பி.இ. பூஜ்யமாகவே இருக்கட்டும். அதோடு வேலை முடியாது. 1500 பைட் பாக்கெட் ஒன்று 64 கிலோபிட் கம்பியைக் கடக்க 187.5 மில்லிவிநாடி பிடிக்கும். அது முன்னால் போனால் குரல் பின்னால் காத்திருக்கும். எஃப்.ஆர்.எஃப்.12 முறையில் 80 பைட் துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 10 மில்லிவிநாடியில் கடந்துவிடும். குரலுக்கு முன்னுரிமை வரிசையையும் அதே மேப்-கிளாஸில் அமைக்க வேண்டும். துண்டாக்கலை இரு முனைகளிலும் இயக்க மறவாதீர்கள்.

மறுமொழி 3:

முதல் மறுமொழியில் ஒரு திருத்தம். கட்டளையில் 'சி.ஐ.ஆர்.' என்று எழுதியிருந்தாலும், அது சேவை தருபவரிடம் ஒப்பந்தம் செய்த உத்தரவாத வேகமல்ல, இந்த பி.வி.சி.யில் சராசரியாக எவ்வளவு அனுப்பலாம் என்று ரூட்டருக்கு நாம் சொல்லும் அளவு. சிஸ்கோ இந்தப் பெயரை வைத்து எத்தனை பேரைக் குழப்பியிருக்கிறது! உத்தரவாத வேகத்தைக் கொடுக்க வேண்டிய இடம் 'மின்சி.ஐ.ஆர்.' (குறைந்தபட்ச சி.ஐ.ஆர்.), கொடுக்காவிட்டால் சி.ஐ.ஆரில் பாதியை ரூட்டரே எடுத்துக்கொள்ளும். இரண்டாம் கிளையின் உத்தரவாதம் 256 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால், சி.ஐ.ஆர். 500000, பி.சி. 62500, மின்சி.ஐ.ஆர். 256000 என்று எழுதி, 'அடாப்டிவ்-ஷேப்பிங் பெக்கன்' என்பதையும் சேருங்கள். பெக்கன் என்னும் நெரிசல் அடையாளம் வரும் ஒவ்வொரு இடைவெளியிலும் வேகம் கால் பங்கு குறையும்: 500 என்பது 375 ஆகி, 281 ஆகி, 256 இல் நின்றுவிடும். மீண்டும் ஏற வேண்டுமானால் 16 இடைவெளிகள் அடையாளமின்றிக் கழிய வேண்டும். குரல் செல்லும் முதல் கிளையில் மட்டும் உத்தரவாதத்துக்கு மேல் அனுப்பும் இந்தத் துணிச்சல் வேண்டாம். உத்தரவாதத்தைத் தாண்டிய ஃப்ரேம்கள் நெரிசலில் முதலில் கழிக்கப்படக்கூடியவை. இன்னொன்று, உங்கள் சுவிட்ச் ஒரு சாதாரண ரூட்டர்தான் என்பதால், நெரிசல் மேலாண்மையை அதில் தனியாக அமைக்காதவரை பெக்கன் வராது.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. இரண்டாம் கிளைக்கான கோப்பு மீண்டும் ஒன்றரை நிமிடத்தில் சேர்கிறது. முதல் கிளைக்கான துண்டாக்கலைத் தலைமையகத்தில் மட்டும் இட்டுவிட்டு, அந்தக் கிளை முற்றிலும் துண்டிக்கப்பட்டதாகப் பதறி அரைமணி நேரம் கேபிளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். கிளை ரூட்டரிலும் அதே 80 ஐக் கொடுத்ததும் குரல் தெளிவாகிவிட்டது. நெரிசல் மேலாண்மையை இன்னும் தொடவில்லை.